இணைந்தவர் பெயர்: நவம்

2009 தை மாதம் இருபத்தோராம் திகதி, மணிக்கூட்டுக் கோபுரம் நாலு பத்துக் காட்டிய வேளையில், தேவராசாவின் கையிலிருந்த காட்போட் பெட்டியை ஒரு சிப்பாய் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

பெட்டியின் மேல் நிறையச் சொற்கள் இருந்தன. அவன் ஒன்றை மட்டும் வாசித்தான்.

“வயர்லெஸ்.”

கண்டி பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் இருந்தது அந்தச் சோதனைச் சாவடி. வரிசையில் முன்னால் நின்றவர்கள் முன்னுக்கு நகர்ந்தார்கள். பின்னால் நின்றவர்கள் பின்னுக்கு நகர்ந்தார்கள். தேவராசா நடுவில் தனியாக நின்றார். அந்த வருடத்தில் வயர்லெஸ் என்றால் ஒரே பொருள்தான். காட்டுக்குள் இருப்பவன் காட்டுக்கு வெளியே இருப்பவனோடு பேசுகிற கருவி.

“இது இன்டர்நெட்டுக்கு, மாத்தயா,” என்று தேவராசா சிங்களத்தில் சொன்னார். அவருடைய சிங்களம் சுத்தமானது. முப்பத்துநாலு வருடம் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து, பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவர். அந்தச் சுத்தத்தைக் கேட்டதும் சிப்பாய்க்குச் சந்தேகம் கூடிவிட்டது.

பொலிஸ் நிலையத்தில் பெட்டியைச் சிறைக்கூண்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள். தேவராசாவை வெளியே வாங்கில் இருத்தினார்கள்.

விசாரித்தவர் சார்ஜன் அபேகோன். வவுனியாவில் நாலு வருடம் இருந்தவர். தமிழ் பேசுவதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

“இதால யாரோட பேசுறது?”

“பேசிறதுக்கில்லை, சேர். வீட்டில ரெண்டு கொம்பியூட்டர் இருக்கு. முன்னறையில ஒண்டு, பின்னறையில ஒண்டு. டெலிபோன் லைன் முன்னறையிலதான் வருது. அந்த இன்டர்நெட்டைப் பின்னறைக்கும் குடுக்கிறதுக்கு.”

“முன்னறைல யாரு?”

“நான்.”

“பின்னறைல?”

“மனிசி.”

“நோனாவோட பேச வயர்லெஸ் என்னத்துக்கு? கூப்பிட்டா கேக்காதா?”

முதலில் வயர் போட்டுத்தான் பார்த்தார்கள். வீடு கட்டுகஸ்தோட்டை வீதியில், சரிவில் கட்டிய பழைய வீடு. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே நீளமான ஓர் ஒடுங்கிய நடை. மார்கழியில் அந்த வயரில் தடக்கி விழுந்து பத்மாதேவிக்கு முழங்கால் சில்லு வெடித்துவிட்டது. கொம்பியூட்டரைத் தூக்கி முன்னுக்கு வைப்பதற்கும் அவள் விடவில்லை. அது மகனுடையது. அவனுடைய மேசை, அவனுடைய கதிரை, அவன் விட்டுப்போன இடம்.

மகன் நவரட்ணராஜா 2006 ஆனியில் கிளிநொச்சிக்குப் போனான். மூன்று மாதம் கொம்பியூட்டர் படிப்பிக்கிற வேலை. ஆவணியில் சண்டை மூண்டு, வடக்குக்குப் போகிற பாதை பூட்டப்பட்டது. கடைசியாகக் கதைத்தது போன கார்த்திகையில், யாரோ ஒருவருடைய தொலைபேசியில், ஒரு நிமிடமும் சொச்சமும். அதன் பிறகு பத்மாதேவி காலையில் எழும்பிக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தால், சமைக்க மட்டும் எழும்புவாள், திரும்ப வந்து இருப்பாள். எல்லை தாண்டி வந்தவர்களின் பட்டியல், காயப்பட்டவர்களின் பட்டியல், கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் பட்டியல். எல்லாவற்றிலும் ஒரு பெயரைத்தான் தேடினாள்.

இதில் எதையும் பொலிஸ் நிலையத்தில் சொல்ல முடியாது. பிள்ளை கிளிநொச்சியில் என்று அந்த வாங்கில் இருந்துகொண்டு சொன்னவர்கள் பிறகு வீட்டு வாங்கில் இருந்ததாக அவர் கேள்விப்படவில்லை.

“மனிசிக்கு முழங்கால் ஏலாது, சேர்,” என்றார்.

அபேகோன் அதை எழுதினார். எழுதிய பிறகுதான் சிக்கல் வந்தது. வயர்லெஸ் பிடிப்பதற்குப் படிவம் இருந்தது. வயர்லெஸ் வைத்திருக்க அனுமதிப்பதற்குப் படிவம் இல்லை. அலுமாரியைத் திறந்து பார்த்தார். தமிழ் வீடுகளுக்கு விருந்தாளிகள் வந்தால் நிரப்பும் படிவம்தான் கட்டுக்கட்டாக இருந்தது.

“வெளியால இருந்து உங்க வீட்டுக்குள்ள வருது. வந்து நிக்குது. ராவைக்கும் போறதில்ல. அப்ப விருந்தாளிதானே?”

இலிகிதர் என்ற முறையில் தேவராசாவால் அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

*

விருந்தாளிப் படிவம் ஏழு கூடுகள் கொண்டது. அது மாவட்ட அலைவரிசை ஒழுங்குபடுத்தற் குழுவுக்குப் போனது. அந்தக் குழுவுக்கு ஒரு பழைய கட்டிடத்தின் மேல்மாடி, ஒரு செயலாளர், நாலு உறுப்பினர்கள், ஒரு ஜீப், ஓர் ஏவலாளர். அலைவரிசை எதுவும் அதுவரை அவர்களிடம் ஒழுங்குபடவென்று வந்ததில்லை. ஆகவே தேவராசாவை எழுந்து நின்று வரவேற்றார்கள்.

ஏவலாளர் ராஜலிங்கம் தெல்தோட்டைக்காரர். தமிழ் ஆட்கள் வந்தால் மொழிபெயர்ப்பதும் அவர்தான். தேவராசா படிவத்தை நிரப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடியது.

“ஐயா, எல்லாக் கூட்டையும் நெரப்புறீங்களே.”

“நிரப்பத்தானே தந்திருக்கு?”

“சும்மா விடுங்க ஐயா. வெறுமையா விட்டா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. எழுதினாத்தான் கேள்வி வரும்.”

“முப்பத்துநாலு வரியம் ராஜலிங்கம். ஒரு கூடு வெறுமையா விட்டு நான் ஒரு படிவம் அனுப்பினதில்லை.”

“அதுதான் ஐயா பயமா இருக்கு,” என்றார் ராஜலிங்கம்.

ஏழாவது கூடு, விருந்தாளி வெளியேறிய திகதியும் சென்ற இடமும். அது பிறகு நிரப்புவதற்கு. தேவராசா அதில் பென்சிலால் ஒரு சிறிய கோடு போட்டு, ‘பின்னர்’ என்று எழுதினார்.

பெட்டி பன்னிரண்டு நாள் கூண்டுக்குள் இருந்து வீட்டுக்கு வந்தது. கொழும்பு வீதியில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ஹபீல் வந்து பொருத்திக் கொடுத்தான். முன்னறையில் இரண்டு கொம்பு வைத்த சின்னப் பெட்டி. பின்னறைக் கொம்பியூட்டரின் முதுகில் பெருவிரல் அளவில் ஒரு துண்டு.

“சொவரு தடிப்பு அங்கிள். பரவால்ல, வருது. இங்க பாருங்க, ரெண்டு மெஷினும் காட்டுது. ஒண்டு தேவா. மத்தது நவம் எண்டு ஈக்கிது. பேர மாத்தட்டா?”

“வேண்டாம் தம்பி,” என்றாள் பத்மாதேவி. “அது அவன் வச்ச பேர்.”

*

குழு பார்வையிட வந்தது, சிங்கள நவம் மாதத்துப் பௌர்ணமியான நவம் போயாவுக்கு அடுத்த நாள். ஜீப்பில் ஐந்து பேர். ஹபீலையும் கடையிலிருந்து ஏற்றி வந்திருந்தார்கள். அபேகோன் சைக்கிளில் வந்தார்.

செயலாளர் ஏக்கநாயக்க மெலிந்த, மரியாதையான மனிதர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அலை எங்கே தொடங்குகிறது என்று கேட்டார். காட்டினார்கள். எங்கே முடிகிறது என்று கேட்டார்.

“அது சொல்லேலா சேர்,” என்றான் ஹபீல். “போகப் போக கொறஞ்சிட்டே போகும்.”

“முடிவில்லாத ஒன்றுக்கு நான் எப்படி அனுமதி தருவது?”

ஓர் உறுப்பினர் நாடாவால் சுவரின் தடிப்பை அளந்தார். பதினெட்டு அங்குலம். இன்னொருவர் திசையறி கருவியோடு கோடிப்புறம் போனார். மேற்கில் வேலிக்கு அப்பால் ஒரு பலாமரம். அலை அந்தப் பலாமரம் வரைக்கும் போகலாம், அதற்கு மேல் போனால் வீட்டுக்காரர் பொறுப்பு என்று தீர்மானமாயிற்று. வளவின் நான்கு மூலைகளிலும் சிவப்புக் கட்டை அடித்தார்கள். அலை வளவைத் தாண்டாது என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி தரவேண்டும். தேவராசா கேட்டபடி கொடுத்தார். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் சமாதான நீதவான் வாசித்துவிட்டு, “நீங்கள் சத்தியம் செய்கிறீர்கள் சரி, அலையும் செய்கிறதா?” என்று கேட்டார். அந்தக் குழுவோடு பட்ட பாட்டில் யாரோ ஒருவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

பின்னறைக்குப் போனபோது பத்மாதேவி எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொழுக்கியில் ஒரு நீலச் சட்டை தொங்கியது. கதவு திறந்த காற்றில் அது சற்று அசைந்தது.

“யாருடைய அறை?” என்றார் செயலாளர்.

“மகன்ர.”

“மகன் எங்கே?”

“வெளியூரில,” என்றார் தேவராசா. வீட்டுப் பதிவிலிருந்து அவன் பெயரை வெட்டியபோதும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார். அது பொய்யில்லை.

செயலாளர் குனிந்து திரையைப் பார்த்தார்.

“இங்கே இருக்கிறாரே. நவம். இணைந்துள்ளார்.”

“அது கொம்பியூட்டரின் பெயர், சேர்.”

“கொம்பியூட்டருக்கு யாருடைய பெயர்?”

“மகன்ர.”

அபேகோன் இடையில் புகுந்தார். “நவம் ஆள் பேரா? நவம் மாசம்தானே. நேத்து போயா.”

“நவரட்ணராஜா, சேர். வீட்டில நவம்.”

“அப்ப ஆள்தான்,” என்று அபேகோன் செயலாளரிடம் சிங்களத்தில் உறுதி சொன்னார்.

செயலாளர் நிமிர்ந்தார். பிறகு ஒரு பதிவேட்டைத் தேவராசாவிடம் கொடுத்தார். நாளாந்தம் நிரப்பவேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கொண்டுவந்து காட்டவேண்டும். திகதி. நேரம். இணைந்தவர் பெயர், திரையில் தோன்றுகிறவாறு.

“திரையில் தோன்றுகிறவாறு,” என்று இரண்டாம் முறையும் சொன்னார். “நீங்கள் நினைக்கிறவாறு இல்லை.”

*

தேவராசா நிரப்பினார். காலையில் முன்னறையில் இருந்து நகரத்துத் தமிழாட்களின் பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்த்தார். இன்டர்நெட் அவருக்கு அதிகம் தேவைப்படவில்லை. தேவா, 8.00 முதல் 8.20. பிறகு நடையில் ஊன்றுகோலின் சத்தம் கேட்கும். பின்னறையில் கதிரை இழுபடும். அவர் பேனையை எடுப்பார்.

நவம், 8.45 முதல் 12.10. நவம், 1.30 முதல் 6.00.

மாசி போனது. பங்குனி போனது. பட்டியல்கள் நீண்டன. சில நாட்களில் பெயர்கள் இல்லாமல் படங்கள் மட்டும் வந்தன. அவள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கப் பெரிதாக்க முகங்கள் சதுரம் சதுரமாக உடைந்தன.

“இஞ்சேருங்கோ, இந்தக் காதைப் பாருங்கோ. நவத்தின்ர காது மாதிரி இல்லையே?”

அவர் போய்ப் பார்ப்பார். “இல்லை பத்மா.”

“ஓம். இவருக்கு வயசு கூட.”

சனிக்கிழமைகளில் செயலாளர் பதிவேட்டைப் புரட்டி, கையொப்பம் இட்டு, முத்திரை குத்தினார். ஒரு சனிக்கிழமை உறுப்பினர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மாவட்டத்தில் வயர்லெஸ் வைத்திருக்கும் தமிழ் வீடுகள் இதற்குள் பதினொன்றாகி இருந்தன. எல்லோருடைய பதிவேடும் ஓட்டை. இவருடையதில் அடித்தல் திருத்தல்கூட இல்லை.

வைகாசி பத்தொன்பதாம் திகதி நகரம் முழுவதும் வெடி கொளுத்தினார்கள். அடுத்த வீட்டிலிருந்து ஒரு தட்டில் பாற்சோறு வந்தது. தேவராசா வாங்கி, நன்றி சொல்லி, மேசையில் வைத்தார். தட்டுக்கு மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தார்.

அன்றைய பதிவு: நவம், காலை 5.10 முதல் 7.30. நவம், 7.35 முதல் மாலை 6.50. நடுவில் ஐந்து நிமிடம் மின்சாரம் நின்றது.

*

யுத்தம் முடிந்ததும் குழுவுக்கு வேலை குறையும் என்று நினைத்தார்கள். குழு அப்படி நினைக்கவில்லை. ஆட்களைத் தேடும் விண்ணப்பங்களை ஏற்கிற பொறுப்பையும் அது கேட்டு வாங்கிக்கொண்டது. பெயர்ப்பலகையில் இடம் போதாததால் அந்த வரியைச் சின்ன எழுத்தில் கீழே எழுதினார்கள்.

தேவராசா முதல் நாளே போனார். இம்முறை எல்லாவற்றையும் எழுதியிருந்தார். கிளிநொச்சி, ஆனி 2006, கடைசித் தொலைபேசி. ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஒளித்துக் காப்பாற்ற இனி எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முகாம்களில் தேட அனுமதி வேண்டும். அவ்வளவுதான்.

செயலாளர் விண்ணப்பத்தை வாசித்தார். அலுமாரியிலிருந்து ஒரு கோவையை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“நவரட்ணராஜா என்கிற நவம். உங்கள் வீட்டு விலாசம். போன வெள்ளிக்கிழமை 8.40 முதல் 11.55 வரை.”

“சேர், அது கொம்பியூட்டர். அன்றைக்கே சொன்னேன்.”

“சொன்னீர்கள். சொன்னதற்குக் கோவையில் இடமில்லை. எழுதியதற்கு இருக்கிறது. எழுத்து உங்களுடையதுதானே?”

“என்ர எழுத்துத்தான்.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கோபப்படவில்லை. உண்மையான அக்கறையோடு பேசினார். ராஜலிங்கம் கதவருகில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்க்கத் தேவையில்லை.

“திரு. தேவராசா, காலையிலிருந்து நாற்பது பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் அழுகிறார்கள். பிள்ளை எங்கே என்று கேட்கிறார்கள். நாங்கள் கோவையைப் பார்க்கிறோம். ஒன்றும் இல்லை. எழுதிவைக்காத பிள்ளையை நாங்கள் எங்கே தேடுவது? உங்களுடைய கோவை அப்படியில்லை. இதன் பிரதியை மாதிரிக் கோவையாகக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறேன். உங்கள் மகன் எங்கே இருக்கிறார் என்று இந்த அரசாங்கத்துக்கு நிமிடக் கணக்கில் தெரியும். நாங்கள் யாரையும் தொலைக்கிற நிறுவனமல்ல. பதிகிற நிறுவனம். பதிவில் இருக்கிறவர் தொலைந்தவராக முடியாது. அப்படி முடியுமென்றால் இந்தக் குழு எதற்கு? நான் எதற்கு?”

கடைசிக் கேள்விக்கு அவர் பதில் எதிர்பார்ப்பதுபோல் இருந்தது.

“அந்தப் பதிவை வெட்டலாமா, சேர்?” என்று தேவராசா கேட்டார்.

“தாராளமாக. ஏழாவது கூடு.”

விருந்தாளிப் படிவம் வெளியே வந்தது. ஏழாவது கூட்டில் அவருடைய பென்சில் கோடு இன்னும் இருந்தது. வெளியேறிய திகதி. சென்ற இடம்.

“வெளியூர் என்று எழுதலாமா?”

“முன்பென்றால் எழுதியிருக்கலாம். இப்போது நாடு ஒன்றாகிவிட்டது. ஊரின் பெயர் வேண்டும்.”

தேவராசா பேனையின் மூடியைக் கழற்றினார். 2006 ஆனி என்றால் நூற்றுப் பதினைந்து நாள் பொய்ப் பதிவு. அது தனிக் குற்றம். இன்றைய திகதி என்றால் இன்று காலை வரை பிள்ளை வீட்டில் இருந்தான். இடம் எது என்பதைத்தான் அவர் கேட்க வந்திருந்தார்.

ராஜலிங்கம் குனிந்து தண்ணீர் கிளாசை வைப்பதுபோல் பக்கத்தில் வந்தார்.

“ஏதாச்சும் ஒரு ஊரு போடுங்க ஐயா. மாத்தளைன்னு போடுங்க. பேரு வெட்டுப்படட்டும். அப்பறம் தேடலாம்.”

“மாத்தளை எண்டு எழுதினா, மாத்தளையிலதான் தேடுவினம்.”

ராஜலிங்கம் கிளாசை வைத்துவிட்டுக் கதவடிக்குத் திரும்பினார்.

பேனையில் மை காயும்வரை தேவராசா இருந்தார். பிறகு படிவத்தை, ஏழாவது கூடு வெறுமையாக இருந்தபடியே, மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். அவர் சேவையில் அது முதல்தடவை.

“அப்படியென்றால் அவர் வீட்டில்தான்,” என்றார் செயலாளர். அவருக்கு நிம்மதியாக இருந்தது. “நாளைக்கு சார்ஜனை அனுப்புகிறேன். ஆளை ஒருமுறை பார்த்துக் கையொப்பம் வாங்கிவிட்டால் கோவை பூரணமாகிவிடும்.”

*

மறுநாள் காலை பத்து மணிக்கு அபேகோன் வந்தார். சைக்கிளைச் சிவப்புக் கட்டையில் சாத்தினார். தேவராசா குழுவிடம் விட்டுவந்த பதிவேடு அவருடைய கக்கத்தில் இருந்தது.

“நவம் இருக்கா?”

தேவராசா கதிரையை இழுத்துப் போட்டார். அபேகோன் இருந்தார். வந்த வேலை அவருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

“நான் என்ன செய்ய, அங்கிள். பாக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கு. இல்லன்னா இல்லன்னு எழுதணும். இல்லன்னு எழுதினா எங்கன்னு எழுதணும்.”

நடையில் ஊன்றுகோலின் சத்தம் கேட்டது. பத்மாதேவி ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி வந்தாள்.

“ஆரப்பா, நவத்தைக் கேக்கிறது?”

“பத்மா, நீர் உள்ள போம்.”

அவள் போகவில்லை. அபேகோனின் மடியிலிருந்த பதிவேட்டைப் பார்த்தாள். கையை நீட்டினாள். அபேகோன், கொடுக்கலாமா கூடாதா என்று சட்டம் தெரியாமல், கொடுத்துவிட்டார்.

அவள் தேவராசாவின் கதிரையில் இருந்து பதிவேட்டைத் திறந்தாள். அவருடைய எழுத்து அவளுக்குத் தெரியும். சாய்வில்லாத, ஒரே அளவான எழுத்து. விரலை வைத்து வரி வரியாக வந்தாள், திரையில் பட்டியல்களைப் பார்க்கிறபோது வருவதுபோலவே.

நவம். நவம். தேவா. நவம். நவம்.

ஒரு பக்கம் முடிந்தது. திருப்பினாள். நவம். நவம். ஏழு மாதமாக எத்தனையோ ஆயிரம் பெயர்களை வாசித்திருந்தாள். இந்தப் பெயர் ஒன்றில்கூட வரவில்லை. இதில் வரிக்கு வரி வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் கீழே முத்திரை. அரசாங்க முத்திரை.

“இதெல்லாம் கொம்பியூட்டர்...” என்று தேவராசா தொடங்கினார்.

அவள் கடைசி வரிவரைக்கும் போனாள். விரலை அதில் வைத்தபடி நிமிர்ந்தாள். முகத்தில் அழுகை இல்லை. எதையோ கவனமாகச் சரிபார்க்கிறவளின் முகம்.

“தம்பி,” என்றாள் அபேகோனிடம். “வந்த நேரம் போட்டிருக்கு. போன நேரம் போட்டிருக்கு. சாப்பிட்டவனோ எண்டு எழுதுறதுக்கு இதில ஒரு கூடு இல்லையே?”